மட்டக்களப்பிலிருந்து செல்லோக் கலைஞராவது எப்படி?

செல்லோவை நேரில் கண்டிராதவர்களும் அதன் குரலைக் கேட்டிருப்பார்கள். இளையராஜா பாட்டுகளில் வயலின்களுக்குக் கீழே கனத்து நகரும் தந்தி ஓசை பல இடங்களில் அதுதான். நான்கு தந்திகள். கதிரையில் இருந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் வாசிப்பது. இதை முறைப்படி பழகிவிட்டு, வழக்கமான வாசிப்பைத் தாண்டிப் புதிய ஓசைகளைத் தேடிப் போகிறவர்களைப் பரீட்சார்த்தக் கலைஞர்கள் என்கிறோம். அந்தத் தொழிலுக்கு வர ஆசைப்படும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கும், "இதால சோறு கிடைக்குமா மனே?" என்று கேட்கும் அம்மாமாருக்கும் இதை எழுதுகிறேன். அம்மாவின் கேள்வி நியாயமானது. அதற்கும் கீழே பதில் உண்டு.

தொடங்குமுன் ஒருவரைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். ரொஹான் டி சேரம், 1939ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்தவர். சிறு வயதில் இலங்கையில் வளர்ந்து, 11 வயதில் இத்தாலிக்குப் போய் செல்லோ மேதை கஸ்பார் கசாடோவிடம் படித்தார். பிறகு இன்னொரு செல்லோ மேதையான பாப்லோ கசால்ஸிடமும் கற்றார். 1979 முதல் 2005 வரை புதிய இசைக்குப் பேர்போன ஆர்டிட்டி நால்வர் குழுவில் வாசித்தார். 2024ல் காலமானார். அவர் கண்டிய மேளமும் வாசிப்பார். அந்த மேளத்தின் லயங்களைக் கேட்டு வியந்த இத்தாலிய இசையமைப்பாளர் லூச்சானோ பெரியோ, 2002ல் 'செக்குவென்சா 14' என்ற தனிச் செல்லோப் படைப்பை அவருக்காகவே எழுதினார். வில்லைக் கீழே விட்டுவிட்டு, செல்லோவின் உடலையும் தந்திகளையும் விரல்களால் தட்டி வாசிக்கும் பகுதிகள் அதில் உண்டு. உலக மேடைகளில் இன்றும் பலர் அதை வாசிக்கிறார்கள்.

அந்தப் படைப்புக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, கசாடோவிடமும் கசால்ஸிடமும் பழகிய கை. மற்றது, இந்த மண்ணின் மேளத்தைக் கேட்டு ஊறிய காது. இந்த இரண்டில் ஒன்று இல்லாமல் இந்தத் துறையில் நின்றுபிடிக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். கீழே வரும் படிகளெல்லாம் இந்த இரண்டையும் வளர்ப்பதற்கானவை.

முதற் படி: கேட்பது

கருவி வாங்க இன்னும் அவசரப்படாதீர்கள். சில மாதங்கள் கேளுங்கள். பாக் எழுதிய ஆறு தனிச் செல்லோத் தொகுதிகளில் தொடங்குங்கள். 1720ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டவை அவை. இன்றைக்கும் செல்லோ படிப்பவர் எவரும் அவற்றைச் சுற்றிப் போக முடியாது. அடுத்து ஹங்கேரிய இசையமைப்பாளர் கோடாய் 1915ல் எழுதிய தனிச் சொனாட்டா. கீழ் இரண்டு தந்திகளையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்து வாசிப்பது அது. அப்புறம் ஜெர்மானிய இசையமைப்பாளர் லாகன்மன் 1969-70ல் எழுதிய 'பிரெஷன்'. உரசல், அழுத்தம், மூச்சுப் போன்ற சீறல் என்று, செல்லோவில் வழக்கமாக மறைக்கப்படும் சத்தங்களே அங்கே இசை. முதல் தடவை கேட்கும்போது எரிச்சல் வரலாம். வரட்டும். ஒரு வாரம் விட்டுத் திரும்பக் கேளுங்கள்.

ஆட்களாகத் தேடினால்: ஒரே கையில் இரண்டு வில் பிடித்து நான்கு தந்திகளையும் சேர்த்து ஒலிக்க வைத்த பிரான்சஸ்-மரீ உய்ட்டி, தன் குரலையும் செல்லோவையும் எதிரொலிக்குள் கலந்த ஆர்தர் ரசல், செல்லோவிலிருந்து திரையிசைக்குப் போய் 2020ல் ஒஸ்கார் வென்ற ஐஸ்லாந்துக்காரி ஹில்டுர் குட்னடோட்டிர். நெதர்லாந்தில் பிறந்து டெல்லியில் வாழும் சாஸ்கியா ராவ், இந்துஸ்தானி இசைக்காகச் செல்லோவையே மாற்றியமைத்து, கூடுதல் தந்திகள் பூட்டி, தரையில் அமர்ந்து வாசிக்கிறார்.

இதே நேரத்தில் ஊரிலும் கேளுங்கள். வடமோடிக் கூத்தில் மத்தளமும் சல்லாரியும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன? வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் உடுக்கு வேகமெடுக்கும் இடம் எது? பறைமேளம் தூரத்தில் கேட்கும்போது எந்தச் சத்தம் முதலில் காதுக்கு வந்து சேர்கிறது? பறங்கியர் வீட்டுக் கொண்டாட்டத்தில் கப்பிரிஞ்சா ஆட்டத்துக்கு வயலின் எப்படி வில் போடுகிறது? ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பின்னாளில் நீங்கள் இசையமைக்க உட்காரும்போது இந்தக் கொப்பிதான் உதவும்.

இரண்டாம் படி: கருவி

உங்கள் உயரம் 5 அடிக்கு மேலென்றால் முழு அளவுச் செல்லோ. நாலரை அடிக்கும் ஐந்துக்கும் இடையில் என்றால் முக்கால் அளவு. அதற்குக் கீழே அரை, கால் என்று போகும். வளர்கின்ற பிள்ளைக்கு வாங்குவதைவிட வாடகைக்கோ இரவலாகவோ எடுப்பது நல்லது. கொழும்பில் இசைக்குழுப் பிள்ளைகள் அளவு மாறும்போது பழையதை விற்பார்கள். புதிய மலிவுக் கருவியைவிட அப்படிக் கைமாறி வரும் கருவி பெரும்பாலும் நன்றாக இருக்கும்.

வாங்கப் போகும்போது செல்லோ தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. உடலின் ஓரமாக விரல் முட்டியால் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் சத்தம் உடைந்து, சலசலப்பாக வந்தால் அங்கே பசை விட்டிருக்கிறது. பசை விட்டால் திரும்ப ஒட்டலாம், அது பெரிய குற்றமில்லை. கழுத்து உடைந்து ஒட்டியிருந்தால் வேண்டாம். தந்திகளை முறுக்கும் பிருடைகள் சுழல வேண்டும், விட்டால் நிற்கவும் வேண்டும். தந்திகளைத் தாங்கும் குதிரை நேராக நிற்கிறதா, வில்லின் குச்சி கோணாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம் பகுதியின் காலநிலை இந்தக் கருவிக்குச் சோதனைதான். வாடைக் காலத்து மழையில் மரம் ஈரம் குடித்து ஊதும், தந்திகள் விரற்பலகையிலிருந்து உயரும், பிருடைகள் இறுகும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் நேர்மாறு. மரம் காய்ந்து சுருங்கும், பிருடைகள் வழுக்கும், வெடிப்பு விழலாம். காற்றின் ஈரப்பதன் 40 முதல் 60 சதவீதத்துக்குள் இருப்பது செல்லோவுக்கு உகந்தது. நம் வீடுகளில் அது இலகுவில்லை. ஆகவே ஈரமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் போடுங்கள். மழைக் காலத்தில் சிலிக்கா ஜெல் பைகளைப் பெட்டிக்குள் வைத்து, அவை நனைந்ததும் மாற்றுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் ஒருபோதும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். செல்லோவை ஒட்டியிருப்பது சூட்டில் இளகும் பசை. கைகழுவும் ஜெல்லாலோ ஸ்பிரிட்டாலோ செல்லோவைத் துடைக்கவும் கூடாது, வார்னிஷ் கரைந்துவிடும். உலர்ந்த பருத்தித் துணி போதும். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்துங்கள். வில்லில் பூசும் ரொசின் சூட்டுக்குப் பிசுபிசுக்கும், அதனால் கடினமான வகை ரொசினைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. செல்லோவுக்குள்ளே முன்பலகையையும் பின்பலகையையும் முட்டுக்கொடுத்து நிற்கும் சின்ன மரத்தூண் ஒன்று இருக்கிறது. அது ஒட்டப்படவில்லை, தந்திகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. அது விழுந்தால் உள்ளே உருளும் சத்தம் கேட்கும். உடனே நான்கு தந்திகளையும் தளர்த்திவிட்டு, தெரிந்தவர் வரும்வரை சுருதி சேர்க்காதீர்கள். அதேபோல, எல்லாத் தந்திகளையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். புதுத் தந்தி போடும்போது ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

மூன்றாம் படி: ஆசிரியர்

மட்டக்களப்பில் தெருவுக்குத் தெரு செல்லோ ஆசிரியரை எதிர்பார்க்க முடியாது. கொழும்பில் இருக்கிறார்கள். 1958ல் தொடங்கிய இலங்கை சிம்பனி இசைக்குழு, தேசிய இளையோர் இசைக்குழு ஆகியவற்றில் வாசிப்பவர்கள் பலர் வகுப்பும் எடுப்பவர்கள். முதல் ஆண்டில் மாதம் ஒரு முறையாவது உதயதேவி ரயிலில் ஏறிப் போய் நேரில் படித்து, இடையிலுள்ள வாரங்களில் வீடியோ வழியாகப் படிப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். வீடியோ வகுப்பு மட்டும் போதாதா என்று கேட்பார்கள். போதாது. தோள் இறுகியிருப்பதையும் பெருவிரல் கழுத்தை நசுக்குவதையும் பக்கத்தில் இருந்து தொட்டுத் திருத்த ஒருவர் வேண்டும். முதல் ஆறு மாதத்தில் படியும் பழக்கத்தை உடைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

சென்னைக்குப் போகும் வசதியுள்ளவர்களுக்கு, ஏ. ஆர். ரஹ்மான் 2008ல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி ஒரு வழி. அங்கே மேலைத்தேய இசையைத் தமிழ்ச் சூழலிலேயே படிக்கலாம்.

நான்காம் படி: வில்

இந்தப் படியில்தான் பலர் களைத்துப் போவார்கள். இங்கே நிறைய நேரம் செலவழியுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை.

வில்லில் கவனிக்க வேண்டியவை மூன்று: தந்தியில் எந்த இடத்தில் வைக்கிறீர்கள், எவ்வளவு வேகமாக இழுக்கிறீர்கள், எவ்வளவு கனம் கொடுக்கிறீர்கள். மிகக் கீழான தந்தியை எடுங்கள். நம் கணக்கில் ஒரு கட்டை ஷட்ஜம், அதன் மந்திர ஸ்தாயியில். விநாடிக்கு ஓர் அட்சரமாக ஆதி தாளம் போட்டு, எட்டு எண்ணிக்கை முழுக்க வில்லை இழுங்கள். அடுத்த எட்டுக்குத் தள்ளுங்கள். சத்தம் தொடக்கத்தில் முட்டக் கூடாது, நடுவில் வீங்கக் கூடாது, நுனியில் மெலியக் கூடாது. வில்லின் நுனியில் கையின் கனம் இயல்பாகவே குறையும், அதை ஆட்காட்டி விரல் ஈடுகட்ட வேண்டும். தோளை உயர்த்தி அழுத்தினால் சத்தம் நசியும். நாளும் பத்து நிமிடம் இது மட்டும். போனில் பதிவு செய்து கேட்டால் உங்கள் காதே குறைகளைச் சொல்லும்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பரீட்சார்த்த வாசிப்பு என்பதே இந்த மூன்றையும் வேண்டுமென்றே ஓரத்துக்குக் கொண்டுபோவதுதான். வில்லைக் குதிரைக்கு மிக அருகே கொண்டுபோனால் கண்ணாடி கீறுவது போன்ற மேற்சுரங்கள் கிளம்பும். விரற்பலகையின் மேலே கொண்டுபோய் வேகமாக, கனமில்லாமல் இழுத்தால் புல்லாங்குழல் போல ஒலிக்கும். வேகத்தைக் குறைத்துக் கனத்தைக் கூட்டினால் கதவு கிறீச்சிடுவது போல ஒலிக்கும். நடுநிலை தெரியாதவருக்கு ஓரங்களும் கைவசப்படாது. தற்செயலாக ஒரு கீறல் யாருக்கும் வரும். கேட்டபோதெல்லாம் அதே கீறலை அதே அளவில் எடுப்பதற்குத்தான் பயிற்சி.

கர்நாடக வயலின் படித்தவர்களுக்கு

கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியல் கற்கைகள் நிறுவகத்திலோ, வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைகள் வழியாகவோ வயலின் படித்துவிட்டு இதற்கு வருபவர்கள் பாதித் தூரம் வந்துவிட்டவர்கள். காது தயார், தாளம் தயார். கைதான் புதிதாகப் பழக வேண்டும். செல்லோவில் தந்தியின் நீளம் ஏறத்தாழ 69 சென்டிமீட்டர், வயலினில் அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. ஆகவே வயலினில் விரல் மூன்றரை சென்டிமீட்டர் நகரும் ச-ரி இடைவெளிக்கு இங்கே ஏழரை நகர வேண்டும். தோடியின் கமகத்தை விரலால் மட்டும் எடுக்க முடியாது, முன்கை முழுவதும் சேர்ந்து போக வேண்டும்.

சுருதியையும் மாற்றிப் பாருங்கள். செல்லோவின் வழக்கமான நான்கு தந்திகள் ஒவ்வொன்றும் பஞ்சம இடைவெளியில் இருக்கும். மேல் இரண்டு தந்திகளையும் ஒரு முழுச் சுரம் இறக்கினால் ஒரு கட்டைக்கு ச-ப-ச-ப ஆகிவிடும். இறக்குவதால் தந்திக்கு ஆபத்தில்லை. ஏற்றும்போதுதான் கவனம் வேண்டும்.

ஐந்தாம் படி: பரீட்சார்த்தம்

மின்னணுப் பெடல்களை இப்போது வாங்காதீர்கள். முதலில் அளவு நாடா ஒன்றை எடுங்கள். தந்தி தொடங்கும் தலைப்பக்க மேட்டிலிருந்து 34½ சென்டிமீட்டரில், அதாவது சரிபாதியில், விரலை அழுத்தாமல் தொட்டு மட்டும் வில் போடுங்கள். மேல் ஸ்தாயி ஷட்ஜம் மணி போல வரும். 23ல் தொட்டால் அதற்கும் மேலுள்ள பஞ்சமம். 17¼ல் இரண்டு ஸ்தாயிக்கு மேலான ஷட்ஜம். 13.8ல் அந்தர காந்தாரம். இது பியானோவில் வரும் காந்தாரத்தைவிடச் சற்றுத் தாழ்ந்து, தம்புராவுக்குள் கேட்கும் காந்தாரம் போல இனிக்கும். பாதி, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற இந்தக் கணக்குகளைப் பழந்தமிழ் யாழுக்காகத் துருவிப் பார்த்தவர் காரைதீவில் 1892ல் பிறந்த விபுலாநந்தர். அவருடைய 'யாழ் நூல்' 1947ல் வெளிவந்தது. செல்லோ பழகும் கிழக்கு மாகாணப் பிள்ளை அதைப் புரட்டிப் பார்க்காமல் இருக்கக் கூடாது.

அடுத்தது தட்டுதல். வில்லை மடியில் வைத்துவிட்டு, ததிகிணதொம் என்ற ஐந்தையும் செல்லோவின் வெவ்வேறு இடங்களில் பிரித்துத் தட்டிப் பாருங்கள். 'தொம்' பின்பலகையின் நடுவில், 'கி' விலாப்பக்கத்து ஓரத்தில், 'ண' இடக்கை விரலால் தந்தியை விரற்பலகையில் அறைந்து. மோதிரத்தைக் கழற்றி வையுங்கள்.

கூத்துத் தாளக்கட்டுகளைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவரிடம் நேரில் போய்க் கற்றுக்கொள்ளுங்கள். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். நிகழ்ச்சிக் குறிப்பில் அவர் பெயரைப் போடுங்கள், பணம் வந்தால் பங்கு கொடுங்கள். போனில் பதிந்துகொண்டு போய்த் தன் பெயரில் வெளியிடுவது களவு.

மைக் வேண்டும் என்ற கட்டம் வரும்போது தொட்டுணரும் மைக்கிலிருந்து தொடங்குங்கள். இலத்திரனியல் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், அதிர்வை மின்னாக்கும் பியசோ வட்டத்தகட்டுக்கு வயர் பற்றவைத்தால் மைக் தயார். அதைக் குதிரைக்கு அருகே புளூ டாக் கொண்டு ஒட்டுங்கள், சுப்பர் குளூ படவே கூடாது. ஒலிப்பதிவுக் கருவியில் கிட்டாருக்கான துளையில் செருகுங்கள். சாதாரண மைக் துளையில் செருகினால் அடிச்சுரமெல்லாம் காணாமல் போய்த் தகரச் சத்தம்தான் வரும்.

இது நம் ஆட்களுக்குப் புதிய விஷயம் இல்லை. கல்லடிப் பாலத்தருகே நிலாக்காலத்தில் பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு, மறு நுனியைக் காதோடு வைப்பார்கள். ஓசை காற்று வழியாக வராமல் மரத்தின் வழியாக வருகிறது. பியசோத் தகடு செய்வதும் அதைத்தான். தகட்டை நீர் புகாதபடி பசையால் நன்கு மூடி வாவிக்குள் இறக்கினால் அந்த ஓசையைப் பதிவு செய்யவும் முடியும். 1950களில் இங்கிருந்த அமெரிக்க யேசு சபைக் குருமார் பதிவு செய்தது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. அந்த வாவியோசையோடு சேர்ந்து வாசிக்க உங்களைவிட உரிமையுள்ள செல்லோக் கலைஞர் உலகில் யார்?

தந்திகளுக்கிடையே கடதாசி, காகிதக் கிளிப், ரப்பர் செருகுவதும் உண்டு. இதற்கு இரண்டாந்தரக் கருவி ஒன்றும் பழைய தந்திகளும் தனியாக இருக்கட்டும்.

ஆறாம் படி: பரீட்சையும் சோறும்

பிரிட்டனின் ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி அமைப்புகள் நடத்தும் இசைத் தரப் பரீட்சைகளை வீட்டிலிருந்தே வீடியோ பதிவாக அனுப்பும் வழி இப்போது இருக்கிறது. ஏபிஆர்எஸ்எம்மின் வாசிப்புத் தரங்களில் நான்கு உருப்படிகளை நிறுத்தாமல் ஒரே பதிவாக வாசிக்க வேண்டும். அங்கே ஆறாம் தரத்துக்குப் போக ஐந்தாம் தரக் கோட்பாட்டுப் பரீட்சை முடித்திருப்பது வழக்கமான நிபந்தனை, அதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பரீட்சார்த்தக்காரருக்கு எதற்குப் பரீட்சை என்று கேட்காதீர்கள். வெளிநாட்டுப் படிப்புக்கும் பிற்காலத்தில் கற்பிக்கவும் இந்தச் சான்றிதழ்கள் கதவைத் திறக்கும்.

வருமானம் பற்றி அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள். பரீட்சார்த்த இசை மட்டும் வாசித்துச் சாப்பிடுகிறவர்கள் உலகெங்கும் மிகச் சிலர். மற்ற எல்லோரும் மூன்று நான்கு வேலைகளைச் சேர்த்துத்தான் வாழ்கிறார்கள்: கற்பித்தல், தேவாலயப் பாடகர் குழு, கலியாணம், ஸ்டுடியோப் பதிவு, நாடகத்துக்கும் நடனத்துக்கும் இசை. எங்கள் பகுதியில் இவற்றில் கடைசி ஒன்றுக்கு நல்ல இடமிருக்கிறது. நாடகமும் நடனமும் காட்சிக்கலையும் படிக்கும் மாணவர்கள் கல்லடியிலேயே இருக்கிறார்கள். அவர்களின் ஆற்றுகைக்கு நேரடியாக வாசிக்க ஒருவர் கிடைத்தால் விடமாட்டார்கள். முதல் மேடை அதுவாகவே இருக்கட்டும். பத்துப் பேர் இருந்தாலும் பரவாயில்லை, ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள்.

இலவசமாக ஒரு தடவை வாசிக்கலாம். இரண்டாம் தடவை தொகையைப் பேசுங்கள், பாதியை முற்பணமாக வாங்குங்கள். பதிவின் உரிமை யாருக்கு, எத்தனை தடவை ஒலிபரப்பலாம் என்பதை வாட்சப் செய்தியாகவாவது எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முகம் முறியும் என்று தயங்கித்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். இணையத்தில் பாட்டு விற்பதென்றால், பணம் இலங்கை வங்கிக் கணக்குக்கு எப்படி வந்துசேரும் என்பதைப் பதிவேற்றுவதற்கு முன்பே வங்கியில் கேளுங்கள்.

விழாக்களுக்கும் கலைஞர் வதிவிடத் திட்டங்களுக்கும் விண்ணப்பிக்க ஒரு சிறு கோப்புத் தயார் செய்யுங்கள். பத்து நிமிடத்துக்குட்பட்ட இரண்டு பதிவுகள்: ஒன்று பாக் போன்ற முறைப்படியான வாசிப்பு, மற்றது சொந்தப் படைப்பு. கூடவே அரைப் பக்கக் குறிப்பு. அதில் தத்துவம் வேண்டாம். எந்தத் தந்தியை எப்படி மாற்றினீர்கள், எந்தத் தாளத்தை யாரிடம் படித்தீர்கள், எந்த இடத்துச் சத்தம் இது என்று எழுதுங்கள். கொழும்பிலுள்ள கோதே நிறுவகம், அலியான்ஸ் பிரான்சேஸ், பிரிட்டிஷ் கவுன்சில் ஆகியவற்றின் அறிவிப்புகளை ஒழுங்காகப் பார்த்துவாருங்கள்.

வெளிநாட்டு அழைப்பு வந்தால் விமானத்தில் செல்லோவுக்கென்று தனியாக ஓர் ஆசனம் வாங்க வேண்டியிருக்கும், சரக்குப் பகுதியில் போட்டால் உடைந்து வரலாம். அந்தச் செலவை அழைப்பவர்கள் தருவார்களா என்று முதற் கடிதத்திலேயே கேளுங்கள். இல்லையென்றால் அங்கேயே ஒரு செல்லோவை இரவலாக ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். உங்கள் வில்லையும் பியசோத் தகட்டையும் மட்டும் எடுத்துப் போய், இரவல் கருவியோடு பழக மேடைக்கு முன் இரண்டு நாளாவது கேட்டு வாங்குங்கள்.